வாங்கப் போகும் வீட்டின் செப்டிக் டேங்கை யாரிடம் காட்டிப் பரிசோதிப்பது?

கேள்வி: தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள், 30-க்கு 40 அடி மனையில் எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட ஒரு தனி வீட்டை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். கீழ்த்தளத்தில் உரிமையாளரும் மாடியில் ஒரு வாடகைக் குடும்பமும் இருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. செப்டிக் டேங்கைப் பற்றிக் கேட்டால், "போன மாதம்தான் லாரி வைத்துச் சுத்தம் செய்தோம், எட்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை" என்கிறார் உரிமையாளர். தரகர், தனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்து காட்டுவதாகச் சொல்கிறார். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் என் தம்பி சென்ற ஆண்டு வீடு வாங்கியபோது, அரசு அங்கீகாரம் பெற்ற ஒருவர் செப்டிக் டேங்கைப் பரிசோதித்து எழுத்து மூலம் அறிக்கை கொடுத்தாராம். இங்கே அப்படி ஒருவர் கிடைப்பாரா? கிடைத்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அழைக்க வேண்டுமா, பின் அழைக்க வேண்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாம்பரம்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். தங்கள் தம்பி சொன்னது சரியான தகவல். மாசாசூசெட்ஸில் "டைட்டில் ஃபைவ்" என்ற விதித்தொகுப்பின்படி, செப்டிக் டேங்க் உள்ள வீடு கைமாறும்போது, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மாநில அரசின் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் அதைப் பரிசோதித்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் கசடு அகற்றியதற்கு ஆதாரம் இருந்தால் அந்தக் காலம் மூன்று ஆண்டுகளாக நீளும். அறிக்கை உள்ளூர்ச் சுகாதார வாரியத்துக்கும் போகும். தமிழ்நாட்டில் வீட்டு விற்பனையோடு இணைந்த அப்படியொரு கட்டாயமோ, செப்டிக் டேங்க் ஆய்வாளர் என்று உரிமம் பெற்ற ஒரு தொழிலோ இல்லை. வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்க்கும் நாம், மூலப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லும் நாம், மண்ணுக்கடியில் இருக்கும் இந்த ஒன்றை மட்டும் விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுகிறோம்.

ஆகவே, அங்கே ஒருவர் செய்யும் வேலையை இங்கே மூவரைக் கொண்டு செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. முதலாமவர், உள்ளாட்சி அமைப்பிலோ திட்டக் குழுமத்திலோ பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர். ஆய்வுக்குப் பொறுப்பேற்று, கையொப்பமிட்டு அறிக்கை தர வேண்டியவர் அவர்தான். இரண்டாமவர், உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிக்காரர். மூன்றாமவர், அந்த வட்டாரத்தில் பல வீடுகளின் குழாய்களைப் பிரித்துப் பூட்டிய அனுபவமுள்ள ஒரு பிளம்பர். பொறியாளர் பழகியவராக இருந்தால் மற்ற இருவரையும் அவரே ஏற்பாடு செய்துவிடுவார்.

தரகர் அழைத்து வரும் மேஸ்திரியை நாகரிகமாகத் தவிர்த்துவிடுங்கள். அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் கிரயம் நடந்தால்தான் தரகருக்குக் கமிஷன், தரகர் தயவிருந்தால்தான் மேஸ்திரிக்கு அடுத்த வேலை. அதேபோல், பழுது இருந்தால் சரிசெய்யும் ஒப்பந்தத்தைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்பவரும் ஆய்வுக்கு உகந்தவர் அல்லர், ஏனெனில் பழுது இருப்பதில் அவருக்கு ஆதாயம் இருக்கிறது. பொறியாளரின் கட்டணத்தை முன்கூட்டியே பேசி, முடிவு எதுவாக இருந்தாலும் அதே தொகைதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "டேங்கிலிருந்து வெளியே போகும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்பதாகும். இதற்குத் தெளிவான பதில் சொல்லத் தெரியாதவரிடம் மற்ற கேள்விகளைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வீடு வாங்குபவர்கள் டேங்க் இருக்கிறதா, எத்தனை அடி, எப்போது சுத்தம் செய்தார்கள் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். செப்டிக் டேங்க் என்பது கழிவுநீரைச் சிறிது நேரம் தேக்கி, கனமானது அடியில் கசடாகத் தங்கவும், எண்ணெய்ப் பசையுள்ளது மேலே ஏடாக மிதக்கவும், இடையில் உள்ள ஓரளவு தெளிந்த நீர் வெளியேறவும் வழிசெய்யும் ஒரு தொட்டி மட்டுமே. உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறதோ அவ்வளவு தண்ணீர் அதே நாளில் வெளியேறியாக வேண்டும். வெளியேறும் அந்த நீரில் நோய்க்கிருமிகள் நிறைந்திருக்கும் என்பதால், அது உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பது விதி. ஆனால் நம் புறநகர்களில் உறிஞ்சுகுழியே இல்லாமல், ஒரு நான்கு அங்குலப் பி.வி.சி. குழாய் இரவோடு இரவாகத் தெருவின் மழைநீர் வடிகாலில் செருகப்பட்டிருப்பது சாதாரணக் காட்சி. அத்தகைய வீட்டில் எட்டு ஆண்டுகள் என்ன, எண்பது ஆண்டுகள் ஆனாலும் "ஒரு பிரச்சினையும்" வராது. மாநகராட்சி அந்தக் குழாயை ஒருநாள் சிமென்ட் வைத்து அடைத்து, அபராதச் சீட்டும் கொடுக்கும்போதுதான் பிரச்சினை வரும். அப்போது வீட்டுக்காரர் நீங்களாக இருப்பீர்கள்.

இன்னொரு பொதுவான நிலைமை, செப்டிக் டேங்க் என்ற பெயரில் இருப்பது உண்மையில் செப்டிக் டேங்காகவே இல்லாதிருப்பது. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல், மேலே ஒரு மூடி வைத்துவிட்டால் செலவு மிச்சம். அதில் கழிவு நேரடியாக மண்ணில் கசிகிறது. அத்தகைய உறைக்குழி பல ஆண்டுகள் நிரம்பாமல் இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். தளமும் நான்கு சுவரும் பூசப்பட்ட உண்மையான டேங்க் எப்போதும் தன் வெளியேறு குழாயின் மட்டம் வரை நிரம்பியேதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். "எங்கள் டேங்க் நிரம்புவதே இல்லை" என்ற பெருமை, அது ஒழுகுகிறது என்பதற்கான ஒப்புதல்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், "போன மாதம்தான் சுத்தம் செய்தோம்" என்று உங்களிடம் சொல்லப்பட்டதையே ஒரு சோதனையாக மாற்றிவிடலாம். இரண்டு குடும்பங்களில் எட்டுப் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழிவறைத் தண்ணீர் மட்டுமே டேங்குக்குப் போகிறது என்றாலும், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் என்ற கணக்கில் சுமார் 300 லிட்டர் சேரும். ஏறத்தாழ 2,000 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு டேங்க் காலியாக்கப்பட்டால், ஒரு வாரத்தில் மீண்டும் வெளியேறு குழாயின் மட்டத்தைத் தொட்டுவிடும். ஒரு மாதம் ஆன பிறகும் நீர்மட்டம் அந்தக் குழாய்க்குக் கீழேயே நிற்கிறது என்றால் டேங்க் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தளமே இல்லை. மட்டம் குழாயின் வாயை மூழ்கடித்துக்கொண்டு மேலே நிற்கிறது என்றால் உறிஞ்சுகுழி அடைத்துக்கொண்டுவிட்டது, அல்லது நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டது. குழாயின் அடிவிளிம்போடு சமமாக நின்றால்தான் நலம். இதைப் பார்க்க மூடியைத் திறந்து ஒரு டார்ச் விளக்கைப் பிடித்தால் போதும். லாரியை வரவழைக்க வேண்டிய தேவைகூட இந்தக் கட்டத்தில் இல்லை. சுத்தம் செய்த தேதியை மட்டும் வாய்மொழியாக ஏற்காமல், லாரிக்காரர் கொடுத்த ரசீதைக் கேளுங்கள். ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு காலி செய்யப்பட்ட டேங்க் எந்த உண்மையையும் சொல்லாது.

மூடியையே காணவில்லை என்றால்? அதுவும் அடிக்கடி நடப்பதுதான். கார் நிறுத்தும் இடத்தில் டேங்கைக் கட்டி, மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். சில வீடுகளில் மாடிப்படியின் அடியிலும், இன்னும் சிலவற்றில் பிற்பாடு கட்டிய அறையின் தரைக்குக் கீழும் இருக்கும். மூடி எங்கே என்று தெரியாத வீட்டில் போன மாதம் லாரி வந்து எப்படி உறிஞ்சியது என்று கேளுங்கள். டைல்ஸை உடைக்க உரிமையாளர் தயங்குவார். உடைத்து மீண்டும் ஒட்டும் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது பொருட்டே அல்ல.

நீர்மட்டத்தைப் பார்த்த பிறகு பொறியாளர் கசடின் ஆழத்தை அளப்பார். நீளமான கம்பின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி மெதுவாக அடிவரை இறக்கிச் சிறிது நேரம் நிறுத்தி எடுத்தால், கறுத்த பகுதியின் உயரம் கசடின் உயரத்தைக் காட்டிவிடும். கசடும் ஏடும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் காலி செய்யும் வேளை வந்துவிட்டது என்று பொருள். ஒரு மாதத்துக்கு முன் சுத்தம் செய்ததாகச் சொல்லப்படும் டேங்கில் கம்பு அரையடிக்கு மேல் கறுத்து வந்தால், லாரி மேல்தண்ணீரை மட்டும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படியானால் எட்டு ஆண்டுக் கசடு இறுகி அடியிலேயே கிடக்கிறது, அதில் ஒரு பகுதி ஏற்கெனவே உறிஞ்சுகுழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்திருக்கவும் கூடும். டேங்கில் உள்ள கசடை லாரி எடுத்துவிடும். உறிஞ்சுகுழியின் மண்ணில் படிந்துவிட்ட கசடை எடுக்க வழியில்லை. புதுக்குழி தோண்ட வேண்டும். உங்கள் மனையில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் பொறியாளர் அன்றே பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனை. மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டியின் நீரைக் காலையில் பாதியும் மாலையில் பாதியுமாகக் கழிவறைகள் வழியே விட்டு, டேங்கின் மட்டம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். வீடு பூட்டிக் கிடந்தால் இந்தச் சோதனை இன்னும் முக்கியமாகிறது. இதே நேரத்தில் சாயச் சோதனையையும் செய்துவிடலாம். பலர் சாயத்தைக் கழிவறைக் கோப்பையில் ஊற்றிவிட்டு, தெரு வடிகாலில் நிறம் வருகிறதா என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். டேங்கில் ஏற்கெனவே உள்ள நீரில் அது கலந்து, நீர்த்து, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் வெளியே வரும். வெளியேறு குழாயின் வாயருகே, அதாவது டேங்கின் தடுப்புச் சுவருக்கு அப்பால் உள்ள இரண்டாவது அறையில், ஃப்ளோரசீன் போன்ற அடர்சாயத்தை விட்டு, உடனே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வடிகாலில் பச்சை நிறம் தெரிந்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

எல்லாம் சரியாகத் தோன்றினால், கடைசியாக லாரியை வரவழைத்து, உங்கள் முன்னிலையில் காலி செய்யச் சொல்லுங்கள். செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். நீர் இறங்கும்போது பொறியாளரின் கண் வெளியேறு குழாயின்மீது இருக்க வேண்டும். உறிஞ்சுகுழியிலிருந்து நீர் அந்தக் குழாய் வழியே டேங்குக்குள் திரும்பி வழிந்தால், குழி தளும்பி நிற்கிறது என்பது உறுதி. காலியான டேங்கில் பக்கச் சுவரிலிருந்து நீர் ஊறி உள்ளே வந்தால் சுவரில் விரிசல் இருக்கிறது, வெளியே நிலத்தடி நீர் உயரத்தில் இருக்கிறது. நடுத்தடுப்புச் சுவர் இருக்கிறதா, உள்வரு குழாயிலும் வெளியேறு குழாயிலும் டி வடிவ இணைப்பு இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்பனவற்றை மேலிருந்தபடியே கயிற்றில் கட்டி இறக்கிய கேமராவிலோ கைப்பேசியிலோ பார்த்துவிடலாம். பார்த்து முடித்ததும் டேங்கை உடனே தண்ணீரால் நிரப்புங்கள். ஏரியோரப் பகுதிகளில் காலியாக விடப்பட்ட டேங்க், குறிப்பாக ஃபைபர் அல்லது பிளாஸ்டிக்கால் ஆனது, நிலத்தடி நீரின் அழுத்தத்தால் மேலே எழும்பிக் குழாய்களைப் பிடுங்கிவிடும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும், எவ்வளவு சிறிது நேரத்துக்காகவும் ஒரு மனிதரை டேங்குக்குள் இறங்க அனுமதிக்காதீர்கள். "இப்போதுதான் காலியாகிவிட்டதே, ஒரு நிமிடம் இறங்கிச் சுரண்டிவிட்டு வருகிறேன்" என்று அவரே சொன்னாலும் கூடாது. காலியான டேங்கிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நிற்கும். கசடைக் கிளறும்போது அது திடீரென்று பெருகும். குறைந்த அளவில் அழுகிய முட்டை போல் நாறும் அந்த வாயு, அளவு கூடும்போது மூக்கின் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், வாடை இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல. மீத்தேனும் இருக்கும் என்பதால் தீக்குச்சி கொளுத்தி உள்ளே பார்க்கும் பழைய வழக்கமும் ஆபத்தானது. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் அதற்கடுத்தவரும் இறந்த செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, செப்டிக் டேங்கின் அபாயகரமான துப்புரவுக்கு யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நீங்கள் இன்னும் அந்த வீட்டின் உரிமையாளர் அல்ல என்பது உங்களைக் காப்பாற்றாது; ஆய்வுக்காகக் கூலி கொடுத்து ஆளை வரவழைத்தவர் நீங்கள். லாரியை அமர்த்தும்போதே, இயந்திரத்தால் மட்டுமே உறிஞ்ச வேண்டும், ஆள் இறங்கக் கூடாது என்று பேசிவிடுங்கள். உரிமம் பெற்ற வண்டியா என்று கேளுங்கள்; 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். உரிமம் இல்லாத வண்டி உங்கள் டேங்கில் எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகாமல், ஊருக்கு வெளியே ஏதாவது ஓர் ஏரியில் திறந்துவிட்டுப் போகும் வாய்ப்பு அதிகம்.

இனி, குடிநீர். உங்கள் கடிதத்தில் ஆழ்துளைக் கிணறு பற்றி ஒன்றுமில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் அது இல்லாத வீடு அரிது. கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470. உங்கள் மனை 30-க்கு 40 அடி. அதன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தாலே 50 அடி, அதாவது 15 மீட்டர் சொச்சம்தான் வரும். வாஸ்துப்படி டேங்கை வடமேற்கிலும் போர்வெல்லை ஈசானியத்திலும் வைத்திருந்தால் இடைவெளி இன்னும் குறைந்து, மனையின் ஒரு பக்க அளவு மட்டுமே மிஞ்சும். அரை கிரவுண்டு மனையில் இந்த விதியை எவராலும் நிறைவேற்ற முடியாது என்பதே உண்மை. அதைவிட முக்கியமானது, பக்கத்து வீட்டுக்காரரின் உறிஞ்சுகுழி உங்கள் மதிற்சுவரை ஒட்டியே இருக்கலாம் என்பது. எனவே பொறியாளர் உங்கள் மனையை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. நான்கு பக்கமும் அண்டை வீடுகளின் டேங்க் எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்து வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

இடைவெளி போதாத நிலையில், ஆழ்துளைக் கிணற்றின் பக்கச் சுவராக இறக்கும் கேசிங் குழாய் எவ்வளவு ஆழம் வரை இறக்கப்பட்டிருக்கிறது, அதைச் சுற்றி மேற்பகுதி அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதே காப்பு. போர்வெல்லுக்குச் சாயச் சோதனையை நம்ப வேண்டாம். மண் வழியே நீர் வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம், நிறமும் நீர்த்துப்போகும். நீரைத்தான் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ ஈ. கோலை கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் பரிசோதனை கேளுங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தின்படி 100 மில்லி லிட்டர் நீரில் ஈ. கோலை அறவே இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியில்தான் நீர் பிடிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் போனால் முடிவு செல்லாது. கிருமி இருந்தால் உடனே வீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்தக் கிணற்றுநீரைக் குடிக்கவோ சமைக்கவோ முடியாது என்று கணக்கில் எழுதிக்கொண்டு விலை பேசுங்கள்.

பருவமும் முடிவை மாற்றும். சித்திரையில் ஜம்மென்று நீரை உறிஞ்சும் குழி, கார்த்திகையில் கிணறு போல் நிரம்பி நிற்கும். தாம்பரத்தைச் சுற்றி ஏரிகளும் அவற்றின் கால்வாய்களும் அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். கோடையில் வாங்குகிறீர்கள் என்றால் பொறியாளர் சொல்வதைவிட, மூன்று வீடு தள்ளி இருப்பவர் சொல்வது பயன்படும். மழைக்காலத்தில் கீழ்த்தளக் கழிவறையில் தண்ணீர் இறங்க மறுக்கிறதா, குளியலறை டிராப்பில் குமிழி வருகிறதா என்று கேளுங்கள். மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்திடமும் தனியாகப் பேசுங்கள். மறைப்பதால் அவர்களுக்கு ஆதாயம் இல்லை. கீழ்த்தளக் கழிவறையின் தரை மட்டும் வீட்டின் மற்றத் தரையைவிட இரண்டு படி உயர்த்தப்பட்டிருந்தால், ஒரு மழையில் பட்ட பாட்டுக்குப் பிறகு செய்த ஏற்பாடாக அது இருக்கக்கூடும்.

டேங்கின் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ். 2470 தரும் அட்டவணையில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு அகற்றுவதாக இருந்தால், 5 பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழமும், 10 பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழமும் போதும். ஆழம் என்பது வெளியேறு குழாய்க்குக் கீழே நிற்கும் நீரின் ஆழமே தவிர, டேங்கின் மொத்த ஆழம் அல்ல. உங்கள் வீட்டில் கீழ்த்தளம் மட்டும் கட்டியபோது ஐந்து பேருக்கென்று போட்ட டேங்கில், பிறகு எழுப்பிய மாடியின் கழிவும் சேர்க்கப்பட்டதா என்பதைப் பொறியாளர் பார்க்கட்டும். குளியலறை, சமையலறைத் தண்ணீர் தனியாகப் போகிறதா, எங்கே போகிறது என்பதும் தெரிய வேண்டும். அதைத் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டிய மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விட்டிருந்தால், மழைநீரோடு சோப்புத் தண்ணீரும் நிலத்தடியில் சேமிக்கப்படுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கிழிந்திருந்தால் அது ஐந்து நிமிட வேலை. அதற்காக விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள்.

முன்பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்ப்பது, கம்பு விட்டு அளப்பது, அக்கம்பக்கம் விசாரிப்பது ஆகியவற்றை முன்பணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அவற்றுக்கு ஒரு காலை நேரம் போதும், எந்த உரிமையாளரும் நியாயமாக மறுக்க முடியாது. டைல்ஸ் உடைப்பது, லாரி வைத்துக் காலி செய்வது, நீர்ப் பரிசோதனை முதலியவற்றை, சிறிய முன்பணம் கொடுத்து எழுதும் விற்பனை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகச் சேருங்கள். இத்தனை நாட்களுக்குள் ஆய்வு முடிக்கப்படும். கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விடப்படுவதோ, டேங்குக்குத் தளம் இல்லை என்பதோ, உறிஞ்சுகுழி செயலிழந்திருப்பதோ தெரியவந்தால், விற்பவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும், அல்லது விலையில் கழிக்க வேண்டும், அல்லது முன்பணத்தை முழுதும் திருப்பித் தர வேண்டும் என்று வழக்கறிஞரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். தமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் கிரயம் முடிந்த பிறகு, அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது உங்கள் பாடு. அதற்கு ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதுவது மேல். அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் டேங்க் காட்டப்பட்ட இடமும் மண்ணில் இருக்கும் இடமும் வேறாக இருந்தால், வேறு எவையெல்லாம் வரைபடத்தை மீறியிருக்கின்றன என்று தேடத் தொடங்க அது நல்ல இடம்.

பொறியாளரின் அறிக்கை இரண்டு பக்கம் இருந்தால் போதும், ஆனால் அதில் தேதி, அன்றைய நீர்மட்டம், கசடின் ஆழம், டேங்கின் உள்ளளவு, குழாய்களின் படம், வெளியேறும் நீர் சேரும் இடம், அண்டைக் கிணறுகளுக்கும் குழிகளுக்கும் உள்ள தூரம் ஆகியவை இருக்க வேண்டும். "டேங்க் நல்ல நிலையில் உள்ளது" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்திட்ட தாளுக்குக் கட்டணம் கொடுக்காதீர்கள். அந்த அறிக்கை அன்றைய நிலையைத்தான் சொல்லும், எதிர்காலத்துக்கு உறுதி தராது. உங்கள் தம்பி ஊரின் அதிகாரபூர்வப் படிவத்திலும் இதே எச்சரிக்கை உண்டு.

"இன்னும் ஓரிரு ஆண்டில் பாதாளச் சாக்கடை வந்துவிடும், இதெல்லாம் எதற்கு?" என்று தரகர் கட்டாயம் சொல்வார். மாநகராட்சி அலுவலகத்துக்கு நேரில் சென்று, அந்தத் தெரு எந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது, பணி ஆணை பிறப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுக் கொடுங்கள். திட்டம் உறுதியாக இருந்தால் உறிஞ்சுகுழியைப் புதுப்பிக்கப் பெருஞ்செலவு செய்யாமல் இடைக்கால ஏற்பாட்டோடு நிறுத்தலாம். இணைப்புக்கான வைப்புத்தொகையை உரிமையாளர் ஏற்கெனவே கட்டியிருந்தால், அந்த ரசீதைக் கிரயத்தன்று மற்ற மூல ஆவணங்களோடு சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.